சின்னமில்லாச் சீட்டு

கட்சிச் சின்னம் ஒழிந்தால் நகராட்சி தூய்மையாகிவிடும் என்று நானும் நம்பியதுண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தேர்தலில் அப்படித்தான்: வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயருண்டு, கட்சிப் பெயர் இராது. முதற்சுற்றில் எவரும் பாதிக்குமேல் பெறாவிடில், முந்திய இருவர் மீண்டும் மோதுவர்.

1963இல் நகரமன்றத்திற்குத் தேர்வான கறுப்பினத்தவர் டாம் பிராட்லி, 1969இல் மேயர் பதவிக்கு நின்றார். முதற்சுற்றில் முந்தியவர் அவரே. எதிர்த்து நின்ற மேயர் சாம் யார்ட்டியும் அவரைப் போலவே டெமாக்ரடிக் கட்சிக்காரர்! கட்சியைச் சொல்லித் தாக்க வழியில்லை, நிறத்தைக் கிளறினார். இருபதாண்டுக்குமேல் போலீசில் உழைத்தவரையே போலீசுக்குப் பகைவர் என்றார். மக்கள் அஞ்சினர், பிராட்லி தோற்றார்.

1973இல் அதே இருவர், அதே சின்னமில்லாச் சீட்டு. இம்முறை வென்ற பிராட்லி, 1993 வரை மேயராக இருந்தார்.