பாலையும் திரிபும்: இராமநாதபுரக் கடற்கரையின் நிலவேறுபாடுகள்

முன்னுரை

இராமநாதபுரம் மாவட்டத்தைத் ‘தண்ணியில்லாக் காடு’ எனச் சுட்டுவது பொதுவழக்கு. இவ்வொரு பெயருக்குள் ஆற்றின் கடைமடை, கரிசல், மணற்கரை, பவளத்தீவு எனத் தம்முள் மாறுபட்ட நிலங்கள் அடங்கியுள்ளன. பாலை என்பது தனிநிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் தம்மியல்பு இழந்த நிலையே அது என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்தாகும். அக்கருத்தின் துணைகொண்டு, இம்மாவட்டத்தின் வறட்சி நிலத்தின் இயல்பா, திரிபா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்மாய் நிலம்

வைகையாறு பார்த்திபனூர் மதகணையைக் கடந்து இராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைகிறது. பெருவெள்ளக் காலத்து மிகைநீரே அதனைத் தாண்டிக் கடல் சேர்கிறது. ஆற்றுநீர் எட்டாத இடங்களில் வடகிழக்குப் பருவமழையே முதல். ஒரு கண்மாய் நிரம்பியதும் மிகைநீர் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குச் செல்லும். எனவே ஓரிடத்து வரத்துக்கால் தூர்ந்தால் அதன் கீழுள்ள ஊர்கள் அனைத்தும் வறளும். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என மக்கள் வழங்கும் இராஜசிங்கமங்கலம் கண்மாய் இந்நீர்முறையின் பேரளவைக் காட்டும். அதன் வடபுலமான திருவாடானைப் பகுதியில் மானாவாரி நெல்லும், முதுகுளத்தூர், கமுதிப் பகுதிக் கரிசலில் மிளகாயும் பருத்தியும் விளைகின்றன. நீர்வரத்துக் குன்றிய கண்மாய்களில் சீமைக்கருவேலம் பரவியது. கரிமூட்டம் போடுதல் பலருக்குப் பிழைப்பாயிற்று. தொழில் மாறியமைக்கு நீர்முறை சிதைந்ததும் ஒரு காரணமாகும்.

இருகடல் நெய்தல்

பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் நீரிணைப்பகுதியும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. மீனவர் இவற்றை வடகடல், தென்கடல் என்பர். வடகடல் ஆழம் குறைந்தது. வாடைக்காலத்தில் வடகடலும், தென்மேற்குக் காற்றின் காலத்தில் தென்கடலும் கொந்தளிக்கும். ஆதலின் பாம்பன் பகுதியினர் பருவத்திற்கேற்பப் படகுகளைக் கரைமாற்றித் தொழில் செய்வர். தொண்டி, தேவிபட்டினம் ஆகியவை வடகடலையும், முத்து, சங்கு வணிகத்தால் பெயர்பெற்ற கீழக்கரை தென்கடலையும் சார்ந்தவை. தென்கடலில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கின்றன. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நெய்தல் என்னும் ஒரு திணைக்குள்ளேயே காற்றும் ஆழமும் இருவேறு வாழ்வுமுறைகளை அமைத்தமை இதனால் புலனாகும்.

மணலின் நன்னீர்

1914இல் பாம்பன் தொடருந்துப் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலேறும் துறையாக வளர்ந்தது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் அந்நகரை அழித்தது. தொடருந்து ஒன்றும் அதிலிருந்தோருடன் கடலில் மூழ்கியது. எனினும் மீனவர் அம்மணலில் தொடர்ந்து வாழ்கின்றனர். அதற்கு மணலில் ஊறும் நன்னீரே அடிப்படை. மணலுள் இறங்கும் மழைநீர் உவர்நீரைவிட அடர்த்தி குறைந்ததாதலின் அதன்மேல் மெல்லிய படலமாகத் தங்கும். கையால் தோண்டிய ஆழமற்ற ஊற்றில் அளவாக முகந்தால் நன்னீர் கிடைக்கும். ஆழ்துளையிட்டு மிகுதியாக இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலேறிவிடும். இருபுறமும் கடல் சூழ்ந்த நிலம் இவ்வாறு குடிநீர் தருகிறது. ஆற்றின் கடைமடையோ வரத்துக்கால் தூர்ந்தால் வறள்கிறது.

முடிவுரை

இம்மாவட்டத்தின் நிலவேறுபாடு நீரைப் பெறும் முறையின் வேறுபாடே எனலாம். மழை குறைவு என்பது உண்மை; அக்குறைவை ஏற்று வாழும் முறைகளைக் கண்மாய்த் தொடரும் மணலூற்றும் வழங்கின. அவை சிதைந்த இடத்திலேயே நிலம் பாலையின் தோற்றம் கொள்கிறது. ஆகவே வறட்சியை இயல்பு எனக் கொள்வது, சீரமைக்கத்தக்க திரிபை மாற்றவியலாத விதியாகக் கருதுவதாகும். கண்மாய் நிலத்திற்கு வரத்துக்கால் மீட்பும் மணற்கரைக்கு அளவான நீரெடுப்பும் தேவை. இரண்டையும் வறட்சி என்னும் ஒரே பெயரால் அணுகுவது இருநிலத்திற்கும் பொருந்தாது.