படகுக்காரன் சொல்லும் பாடம்: ஜாயிண்டில் இருக்கிறது உயிர்!

பெங்களூரில் கடல் இல்லை. ஆனால் படகு ஓடியிருக்கிறது!

2022-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி இரவு கொட்டிய மழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பகுதிகள் வெள்ளக்காடாயின. வீடுகளில் சிக்கியவர்களை மீட்க ரப்பர் படகுகளும் டிராக்டர்களும் வந்தன. அந்த மழை நாட்களில்தான் ஒயிட்பீல்டு பக்கம், தண்ணீர் நின்ற ரோட்டில் மின்கம்பத்தைப் பிடித்த இளம்பெண் ஒருவர் ஷாக் அடித்து இறந்தார்.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் குடியிருக்க நேர்ந்தால் என்ன செய்வது?

இதற்கு விடை தெரிந்தவன் படகுக்காரன். அவன் வருஷம் முழுவதும் வெள்ளத்தின் மேலேதான் பிழைக்கிறான். படகுக்கு ஒயரிங் செய்பவர்கள் கற்ற பாடம், சம்ப் மோட்டாரும் ஹீட்டர் ராடும் வைத்திருக்கிற ஒற்றை அறைக் குடித்தனத்துக்கும் பொருந்தும்.

மூன்று எதிரிகள்

நாகப்பட்டினம், காசிமேடு, ராமேசுவரம் விசைப்படகுகளில் பாட்டரி உண்டு. விளக்கு, வயர்லெஸ், ஜி.பி.எஸ். கருவி எல்லாம் அதில்தான் ஓடும். நள்ளிரவில், நடுக்கடலில் ஒரு வயர் இணைப்பு விட்டுப்போனால் போதும். விளக்கு அணையும். எதிரே வரும் கப்பலுக்குப் படகு தெரியாது. வயர்லெஸ் செத்துவிட்டால் கரையைக் கூப்பிடவும் வழி இல்லை.

வயர் நடுவில் கெடுவது அபூர்வம். கெடுவது ஜாயிண்டில்தான். அதற்கு மூன்று எதிரிகள் உண்டு.

முதல் எதிரி, உப்பு ஈரம். செம்புக் கம்பியில் ஈரம் பட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது.

இரண்டாவது, அதிர்வு. என்ஜின் ஓட ஓட ஸ்குரூ தளரும். கம்பி இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும்.

மூன்றாவது, சூடு. இதுதான் கடைசியில் தீ வைக்கிறது.

சூடு எப்படி வருகிறது?

"பாட்டரி வெறும் 12 வோல்ட்தானே, என்ன செய்துவிடும்?" என்று சிலர் நினைப்பது உண்டு. ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் தீப்பிடிக்கும்!

கணக்கு இதோ: 120 வாட் விளக்குகள் 12 வோல்ட்டில் எரிய 10 ஆம்பியர் வேண்டும். வீட்டின் 230 வோல்ட்டில் அதே விளக்குகளுக்கு அரை ஆம்பியர் போதும். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும். ஆம்பியர் கூடினால் ஜாயிண்ட் சுடும்.

வீட்டுக் கணக்கையும் பார்க்கலாம். பெங்களூர்க் குளிரில் காலையில் வாளித் தண்ணீரில் போடும் 1,500 வாட் ஹீட்டர் ராடு சுமார் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதன் வயரில் எங்கோ ஒரு ஜாயிண்ட், கையால் முறுக்கி டேப் சுற்றியது. அது தளர்ந்து அரை ஓம் தடை காட்டினால், அந்த ஒரே இடத்தில் 21 வாட் சூடு பிறக்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்குகிற சோல்டரிங் அயர்ன் 25 வாட்தான்! அப்படிப்பட்ட ஒன்றை டேப்புக்குள் சுருட்டி, பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பதற்குச் சமம் இது. சாதாரண பி.வி.சி. வயரின் உறை 70 டிகிரி சூடு வரைக்கும்தான் தாங்கும்.

"பியூஸ் போய்விடுமே" என்று கேட்கலாம். போகாது. பியூஸுக்கு ஆம்பியர் கணக்கு மட்டும்தான் தெரியும். ஆறரை ஆம்பியர் அளவோடுதான் ஓடுகிறது. நடுவழியில் ஜாயிண்ட் கருகுவது பியூஸுக்கும் தெரியாது, எம்.சி.பி.க்கும் தெரியாது. உடம்பு வழியாகவோ ஈரம் வழியாகவோ மின்சாரம் கசிந்தால் உடனே நிறுத்துகிற ஆர்.சி.சி.பி. உயிர் காக்கும் கருவிதான். ஆனால் கசிவில்லாத இந்தச் சூட்டை அதுவும் கண்டுபிடிக்காது.

ஆகவே, ஜாயிண்டைச் சரியாகப் போடுவது ஒன்றே வழி.

படகில் எது கூடாது?

அமெரிக்கப் படகு கவுன்சில் 1954-ல் தொடங்கிய அமைப்பு. படகு ஒயரிங்குக்கு அது வகுத்த விதிகளைப் பல நாட்டுப் படகு எலெக்ட்ரீஷியன்கள் பார்த்து நடக்கிறார்கள்.

வயர்களை முறுக்கி மேலே பிளாஸ்டிக் தொப்பி திருகும் கனெக்டர் அந்த நாட்டு வீடுகளில் சர்வ சாதாரணம். படகில் அதற்குத் தடை! அதிர்வில் கழன்றுவிடும் என்பதே காரணம்.

சோல்டர் வைத்து மட்டும் இணைப்பதும் கூடாது. ஈயம் ஊறிய இடத்தில் கம்பி விறைத்துப்போகும். அதிர்வில் அந்த விளிம்பில்தான் ஒடியும். சூடு ஏறினால் ஈயமே உருகிவிடும். அசையாத ரேடியோப் பெட்டிக்குள் நல்லதாக இருப்பது, ஆடுகிற படகில் ஆபத்தாகிறது.

ஒரே திருகில் நான்கு வயருக்கு மேல் மாட்டக் கூடாது என்பதும் விதி.

எது நல்லது?

ஒற்றைக் கட்டிக் கம்பி வேண்டாம். பல இழை கொண்ட செம்பு வயரே வளைந்து கொடுக்கும். அதிலும் வெள்ளீயம் பூசிய வயர் உத்தமம். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு களிம்பு ஏறாமல் இருக்க அம்மா ஈயம் பூசச் சொல்லுவாள் அல்லவா? அதே வேலைதான் இங்கும்.

இரண்டு வயரைச் சேர்க்க, செம்புக் குழல் உள்ள கிரிம்ப் கனெக்டர் ஏற்றது. கட்டிங் பிளேயரால் நசுக்கினால் பிடிக்காது. அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியால்தான் அழுத்த வேண்டும். அழுத்திய பின் இழுத்துப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். கையோடு வந்துவிட்டால் நல்லதாயிற்று; கடலில் வராமல் போயிற்றே!

மேலே உட்புறம் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சூடு காட்டினால் அது சுருங்கி, பசை உருகி, இரு பக்கமும் அடைத்துக்கொள்ளும். சாதாரண டேப் ஈரத்தைத் தடுக்காது. வெயிலில் பசை இளகிப் பிரிந்தும் விடும்.

திருகில் மாட்டும் லக் முழு வளையமாக இருக்கட்டும். முள்கரண்டி போல் வாய் திறந்த லக், திருகு கொஞ்சம் தளர்ந்தாலே நழுவி விழும்.

கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017-ல் சூரிய சக்திப் பயணப் படகு ஓடத் தொடங்கியது. கொச்சியில் 2023-ல் வாட்டர் மெட்ரோ வந்தது. விளக்குக்கு மட்டும் இருந்த மின்சாரம் இப்போது படகையே ஓட்டுகிறது. ஜாயிண்டின் பொறுப்பு இன்னும் கூடிவிட்டது.

வீட்டுக்கு வருவோம்

பெங்களூர் வீடுகளில் படகுக்கு மிக நெருங்கிய சொந்தம், சம்ப் மோட்டார்தான். காவேரித் தண்ணீர் வரும் நாளில் தரை எல்லாம் ஈரம். மோட்டார் அதிரும். வயர் தரையில் கிடக்கும். ஜாயிண்ட் அந்த ஈரத்திலேயே கிடக்கும். படகின் மூன்று எதிரிகளும் அங்கே ஆஜர்!

ஜாயிண்டே இல்லாமல் ஒரே நீள வயர் போடுவதுதான் முதல் தரமான வைத்தியம். தவிர்க்க முடியாவிட்டால் ஜாயிண்டைச் சுவரில் உயரமாக, மூடியுள்ள பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

கெய்சர் போன்ற அதிகச் சுமைக்குப் பீங்கான் கனெக்டர் தகுந்தது. பீங்கான் சூட்டில் உருகாது. விளக்கு, மின்விசிறிக்கு, இப்போது கிடைக்கும் நெம்பு வைத்த ஸ்பிரிங் கனெக்டர் போதும். வயரின் உறையை எவ்வளவு நீளம் உரிக்க வேண்டும் என்று அதன் மேலேயே குறித்திருக்கும். கூட உரித்தால் கம்பி வெளியே தெரியும். குறைய உரித்தால் பிடிக்காது.

பழைய கட்டிடங்களில் அலுமினிய வயர் இருக்கலாம். அதோடு செம்பு வயரை நேராக முறுக்கக் கூடாது. இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்துப்போகும். இரண்டுக்கும் பொதுவான பைமெட்டல் லக் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கும்போது

எஸ்.பி. ரோடு கடைகளில் குவியலாகக் கிடைக்கும் கனெக்டர்களில் நிறம் பார்த்து வாங்கலாம். கிரிம்ப் கனெக்டரில் சிவப்பு, அரை முதல் ஒன்றரை சதுர மில்லி மீட்டர் வயருக்கு. நீலம், ஒன்றரை முதல் இரண்டரைக்கு. மஞ்சள், நான்கு முதல் ஆறுக்கு. சிறு வயருக்குப் பெரிய கனெக்டர் போட்டால், பெரிய செருப்பில் சின்னக் கால் மாதிரி. வழியிலேயே கழன்றுவிடும்.

வயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்ப்பது அவசியம். கனெக்டர் மேல் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஒன்றும் அச்சிடாத மலிவுச் சரக்கு வேண்டாம்.

ஆபத்து முன்கூட்டியே குரல் கொடுக்கும். பிளக் தொட்டால் சுடுவது, விளக்கு மினுக்குவது, ரப்பர் கருகும் வாடை, டேப் பழுப்பேறி விறைப்பது. இதில் ஒன்று கண்டாலும் மெயினை அணைத்துவிட்டு, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டால், ஈரத்தில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடவே கூடாது. பெஸ்காமுக்கு 1912 என்ற எண்ணில் சொல்லி, லைனை நிறுத்தச் சொல்வதே முறை.

கையில் இருக்கிறது

மின்சாரத்துக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் இந்த மண்ணில் பழைய உறவு உண்டு. சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் 1902-ல் முதலில் போய்ச் சேர்ந்த இடம் கோலார் தங்கவயல். அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பெங்களூருக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905-ல்தான்.

இன்று நகரில் எழும் கட்டிடங்களில் வயர் இழுக்கும் கைகளில் தமிழ்க் கைகளும் உண்டு. "டேப் சுத்திட்டு வாப்பா, நேரமாச்சு" என்று மேஸ்திரி அவசரப்படுத்துவார். அப்போது ஒரு நிமிஷம் நின்று, கனெக்டர் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு மூடுவது அந்தக் கையின் பொறுப்பு.

சுவருக்குள் மூடிய ஜாயிண்டை வீட்டுக்காரரும் பார்க்கப்போவதில்லை, குடித்தனக்காரரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் அதன் பக்கத்தில்தான் ஒரு குழந்தை தூங்கப்போகிறது.