சானிடைசருக்கு மசியாத வைரஸ்

2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. காய்கறி வாங்க வந்தவர்கள் அதற்குள் சில நொடிகள் நடந்தார்கள். மேலே ஹைப்போகுளோரைட் சாரல் பொழிந்தது. மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றின. அதே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம், மனிதர்கள்மேல் கிருமிநாசினி தெளிக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. கண்ணும் தோலும் மூச்சுக்குழலும் எரியும் என்பது ஒரு காரணம். வைரஸ் அத்தனை சீக்கிரம் செயலிழக்காது என்பதும் உண்மை.

வைரஸ் என்பது புரத ஓட்டுக்குள் பொதிந்த மரபுப்பொருள். கொரோனா, இன்ஃபுளுயன்சா, எபோலா வைரஸ்களுக்கு அந்த ஓட்டின்மேல் ஒரு கொழுப்பு உறையும் உண்டு. நம் செல்லைப் பற்றிக்கொள்ளும் முட்கள் அதில்தான் பதிந்திருக்கின்றன. சோப்பும் ஆல்கஹாலும் உறையைக் கரைத்துவிட்டால், வைரஸால் செல்லுக்குள் நுழைய முடியாது.

ஆல்கஹால் புரதங்களின் மடிப்பையும் குலைக்கும். அதற்குத் தண்ணீர் கூட இருக்க வேண்டும். தண்ணீர் கலக்காத ஆல்கஹால் விரைவில் ஆவியாகியும் விடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கைத்திரவத்தில் எத்தனால் 80 சதவீதம் மட்டுமே.

நோரோ வைரஸிடம் இந்த உத்தி அவ்வளவாகப் பலிப்பதில்லை. விடுதிகளிலும் பயணக் கப்பல்களிலும் கூட்டமாக வாந்தி, பேதியை உண்டாக்கும் இதற்குக் கொழுப்பு உறையே கிடையாது. புரத ஓடு மட்டும்தான், அதுவும் உறுதியானது. கையில் ஒட்டியிருந்தால் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தண்ணீரோடு போக்குவதே நல்ல வழி. தரைக்கும் கழிப்பறைக்கும் பிளீச், அதாவது ஹைப்போகுளோரைட் கரைசல், தேவை. அதிலுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலம் புரத ஓட்டை ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கிறது. உள்ளிருக்கும் மரபுப்பொருளையும் விட்டுவைப்பதில்லை.

ஆனால் குளோரின் அழுக்கையும் வைரஸையும் பிரித்துப் பார்க்காது. ரத்தமோ வாந்தியோ இருந்தால் அதனோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். ஆகவே முதலில் துடைத்துக் கழுவ வேண்டும், பிறகுதான் மருந்து. கொரோனா காலத்தில் பிளீச் கரைசலின் செறிவு சாதாரணப் பரப்புகளுக்கு 0.1 சதவீதம், ரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம் என உலக சுகாதார நிறுவனம் வகுத்ததும் இதனால்தான். 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.1 சதவீதம் கிடைக்கும்.

கலந்த கரைசலை நாள்கணக்கில் வைத்திருக்காதீர்கள், வீரியம் குறைந்துவிடும். தெளித்ததும் துடைக்காமல், குப்பியில் குறிப்பிட்ட நேரம்வரை ஈரமாக விடுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு மட்டும் பிளீச்சைக் கலக்கவே கலக்காதீர்கள்; நச்சான குளோரின் வாயு கிளம்பும்.