கேபிள் முனையை உத்துப் பார்க்காதீங்க... கண்ணுக்கு ஆபத்து!

சென்னை:

வீட்டில் இன்டர்நெட் ஐந்து நிமிடம் நின்றாலே கம்பெனிக்கு போன் போட்டு சத்தம் போடுகிறோம். ஆனால் அந்த இன்டர்நெட்டை ஓட வைக்க பெரிய பெரிய ரவுட்டர்களில் கேபிள் மாட்டும் தொழிலாளர்களுக்கு என்னென்ன ஆபத்து இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. புதிதாக வேலைக்குச் சேரும் பசங்களுக்கே தெரிவதில்லை என்பதுதான் வேதனை.

சென்னையில் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. கடலுக்கு அடியில் வரும் கேபிள்கள் பல இங்கேதான் கரை ஏறுகின்றன. 2020 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட சென்னை-அந்தமான் கேபிள் மட்டும் சுமார் 2,300 கிலோ மீட்டர் நீளம். அம்பத்தூர், சிறுசேரியில் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. அங்கே அலமாரி போன்ற ரேக்குகளில் ஆள் உயர ரவுட்டர்கள்கூட உண்டு.

வெளிச்சம் தெரியாது!

பைபர் கேபிளுக்குள் ஓடுவது கரண்ட் அல்ல, லேசர் ஒளி. தொலைதூர கேபிள்களில் இந்த ஒளி மனிதக் கண்ணுக்குத் தெரியாது. 'இருட்டாத்தானே இருக்கு' என்று கேபிள் முனையைக் கண் அருகே வைத்துப் பார்ப்பது பெரிய தப்பு. கூசும் வெளிச்சம் என்றால் கண் தானாக மூடிக்கொள்ளும். தெரியாத ஒளிக்கு இமை மூடாது. சக்தி அதிகமான லைன் என்றால் பார்வையே பாதிக்கப்படலாம்.

செல்போன் கேமராவில் காட்டிப் பார்ப்பதையும் நம்பக்கூடாது. தொலைதூர கேபிளில் ஓடும் ஒளி சாதாரண கேமராவில் விழாது. லைனில் ஒளி இருக்கிறதா என்று பார்க்க பவர் மீட்டர் என்ற கருவி இருக்கிறது. அதில்தான் பார்க்க வேண்டும். முனையில் தூசி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பதற்கு முன்பு, லைன் ஆப் ஆகிவிட்டதா என்று மீட்டரில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பூதக்கண்ணாடி அந்த ஒளியைக் குவித்து கண்ணுக்குள் அனுப்பிவிடும்.

கண்ணாடித் துண்டு ஜாக்கிரதை

பைபர் என்பது தலைமுடி போல மெல்லிய கண்ணாடி இழை. வெட்டி ஒட்டும்போது தெறிக்கும் துண்டு தோலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். வேலை செய்யும் இடத்தில் டீ, டிபன் கூடாது. கீழே கறுப்பு விரிப்பு போட்டு, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி, துண்டுகளை மூடி போட்ட டப்பாவில் சேர்க்க வேண்டும். கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கினால் அவ்வளவுதான்.

முதலில் எர்த்

பெரிய ரவுட்டரை ஒரே ஆள் தூக்கக்கூடாது. உள்ளே இருக்கும் கார்டுகள், பவர் சப்ளைகளைக் கழற்றி எடை குறைத்த பிறகே ரேக்கில் ஏற்ற வேண்டும். கனமான பெட்டி அடித்தட்டில் இருக்கட்டும். மேலே வைத்தால் ரேக்கே சாயலாம்.

மாட்டும்போது முதல் வேலை எர்த் ஒயர். கழற்றும்போது கடைசி வேலை எர்த் ஒயர். இந்த வரிசை மாறவே கூடாது. கரண்ட் போனாலும் நிற்காமல் ஓடுவதற்காக இதில் ஒன்றுக்கு மேற்பட்ட பவர் சப்ளை இருக்கும். ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டு 'ஆப் ஆயிடுச்சு' என்று கையை விட்டால் ஷாக்தான். எல்லாவற்றையும் பிடுங்கியாக வேண்டும்.

கார்டைத் தொடும் முன்பு மணிக்கட்டில் எர்த் பட்டை கட்ட வேண்டும். உடம்பில் தேங்கும் நிலை மின்சாரம் நமக்குத் தெரியாது. ஆனால் விலை உயர்ந்த கார்டு காலியாகிவிடும்.

மாட்டும் முன்பு துடைங்க

பைபர் முனையை அதற்கென உள்ள துணியால் துடைத்த பிறகுதான் செருக வேண்டும். ஒரு துளி தூசி போதும், லைன் தகராறு செய்யும். மாட்டாத போர்ட்டுக்கு மூடி போட வேண்டும். நீல முனையைப் பச்சை முனையோடு சேர்க்கக்கூடாது. இரண்டின் நுனிகளும் வெவ்வேறு கோணத்தில் தேய்க்கப்பட்டவை. கேபிளை கூர்மையாக மடக்கினால் ஒளி வெளியே கசியும், உடையவும் செய்யும்.

80 கிலோ மீட்டர் போகும் மாட்யூலை ரெண்டு மீட்டர் கேபிளில் நேராக மாட்டினால், எதிர்முனை எரிந்தே போகலாம். நடுவில் ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போட வேண்டும்.

செம்பு கேபிள் 100 மீட்டர்தான்

ஈதர்நெட் கேபிள் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டவும் கூடாது. ஒரு கட்டிடத்தில் இருந்து இன்னொரு கட்டிடத்துக்கு செம்பு கேபிள் இழுத்தால், இடி விழும்போது அதன் வழியே மின்சாரம் பாய்ந்து இரண்டு பக்கமும் சேதமாகலாம். அங்கே பைபர்தான் பாதுகாப்பு. அதிலும் இரும்புக் கம்பி சேர்த்த பைபர் என்றால், அந்தக் கம்பியில் ஷாக் அடிக்கலாம். கரண்ட் லைன் பக்கம் அதை இழுக்கவே கூடாது.

'சீக்கிரம் முடி' என்று மேலே இருந்து அவசரப்படுத்துவார்கள். லைன் அரை மணி நேரம் லேட்டாக வந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. போன கண் திரும்பி வருமா?