தாதியர் கல்லூரிக்கு மேலே யார்?

குளுவாங், சிகாமாட் தோட்டங்களில் நம் பிள்ளைகள் பலருக்குத் தாதியாகும் ஆசை உண்டு. கல்லூரியில் இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? போதாது. 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி, தாதியர் வாரியத்தில் பெயர் பதிந்தவரே தாதியாக வேலை பார்க்கலாம். பதிவதற்கு முன் வாரியத் தேர்வில் தேற வேண்டும். வாரியம் ஏற்காத இடத்தில் மூன்றாண்டு டிப்ளோமா படித்தால் தேர்வுக்கு வழியில்லை, கடன்தான் மிஞ்சும்.

2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரமும் வேண்டும். பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி, மருத்துவமனைப் பயிற்சி ஆகியவை அப்போது சரிபார்க்கப்படுகின்றன. ஏன் இத்தனை கட்டுப்பாடு? மருந்தின் அளவு தவறினால் போவது ஓர் உயிர் அல்லவா? ஆகவே, பணம் கட்டுமுன் இவ்விரு அங்கீகாரங்களும் உண்டா என்று நாம் கேட்டறிவோம். கேட்பது நமது உரிமை, கூச்சம் வேண்டாம்.