கர்ண மோட்சம்: அச்சிலும் அரங்கிலும்

கர்ண மோட்சம் என்னும் தெருக்கூத்து நாடகத்தை நான் முதன்முதலாக அறிந்தது ஒரு பழைய புத்தகக் கடையில்தான். சென்னை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் பெரிய எழுத்தில் அச்சிட்டுப் பல தலைமுறைகளாக ஊரூராக விற்றுவந்த மலிவுப் பதிப்புகளின் ஜாதியைச் சேர்ந்தது அந்நூல். புகழேந்திப் புலவரின் பெயர் அதன்மேல் பொறிக்கப்பட்டிருப்பினும், அது நளவெண்பா பாடிய வாக்கன்று என்பதை இரண்டு பக்கம் வாசிப்பதற்குள் எவரும் உணர்ந்துவிடலாம். கம்பனிலும் வில்லிபுத்தூராரிலும் சிறிது பழக்கம் உடையவன் என்ற கர்வத்தோடு அதை ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். முடித்தபின் எஞ்சியது அலுப்பு ஒன்றுதான். பாத்திரம் ஒன்று முதலில் விருத்தத்தில் ஒரு செய்தியைச் சொல்கிறது. அதே செய்தியைத் தருவாகப் பாடுகிறது. பாடி முடித்த பின்பும், கேட்டவர்க்கு ஒருகால் விளங்காமற் போயிற்றோ என்று அஞ்சியதுபோல, வசனமாகவும் எடுத்துரைக்கிறது. ஒரு முறை சொன்னால் போதாதா என்று புத்தகத்தை மூடி வைத்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, பென்னாகரத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அறுவடை முடிந்த வயலில் பாய் விரித்து அமர்ந்து, அதே நாடகத்தை இரவு பத்து மணி முதல் விடியும் வரை கண்டேன். என் பையில் அந்தப் பழைய புத்தகமும் இருந்தது.

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மனுக்குக் காப்புக் கட்டித் திருவிழா எடுக்கும்போது, பத்து நாளோ பதினெட்டு நாளோ ஊரின் சக்திக்கு ஏற்றபடி, பாரதம் முழுவதும் அங்கே மீண்டும் ஒருமுறை நடந்து முடிகிறது. பிற்பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்கிறார். அன்று அவர் சொன்ன பகுதியை ஒட்டி இரவில் கூத்து நடக்கிறது. அருச்சுனன் தபசும் துரியோதனன் படுகளமும் போன்ற சில கட்டங்கள் பகலிலேயே வெட்டவெளியில் ஊரார் அனைவரும் பங்குகொள்ளும் சடங்குகளாக நிகழ்கின்றன. நாடகத்தை வாசிப்பது மேலா, பார்ப்பது மேலா என்று கற்றறிந்தோர் தர்க்கம் செய்துவரும் விஷயத்தை, இவ்வூரார் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று பங்கிட்டுத் தீர்த்துவிட்டனர்.

அன்றிரவு கர்ணன் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அச்சில் அது ஒரு தலைப்பும் ஒரு விருத்தமுமாக முடிந்துவிடும். களத்திலோ, இருவர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் கீழ்விளிம்பில் சலங்கை கட்டிய இரண்டு பாதங்களும் மேல்விளிம்பில் கிரீடத்தின் நுனியும் மாத்திரம் தெரிய, உள்ளிருந்து எழுந்த குரல் திரைவிருத்தத்தைப் பாடத் தொடங்கியது. முகவீணை அக்குரலைப் பற்றிக்கொண்டு மேலே ஏறியது. பாதங்கள் நின்ற இடத்திலேயே அடவு போட்டன. திரை ஒரு முறை தாழ்வதுபோல் தாழ்ந்து மீண்டும் உயர்ந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டனர். அரைமணி நேரம் எங்களை இவ்வாறு காக்கவைத்த பின்னரே, புஜகீர்த்தியும் மார்புப்பதக்கமும் அரிதாரமும் ஒளிர, கிறுகிறுவென்று சுழன்றுகொண்டு கர்ணன் வெளிப்பட்டான். அவன் யார் என்று கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நம் காலத்துப் பேச்சிலேயே விசாரித்து, பஞ்சாயத்துத் தேர்தலையும் பேருந்துக் கட்டணத்தையும் இடையிலே இழுத்துவிட்டான். அங்க தேசத்து அரசனும் அதற்குச் சளைக்காமல் விடை சொன்னான். இவற்றில் ஒரு வரியும் என் புத்தகத்தில் இல்லை.

இடைவேளையில் வேஷம் கட்டும் கொட்டகைக்குள் சென்று, புத்தகத்தைக் கூத்து வாத்தியாரிடம் காட்டினேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு புரட்டிப் பார்த்தவர் சிரித்தார்.

"இதுல இருக்கறத மட்டும் ஆடுனா ஒரு மணிக்கெல்லாம் மங்களம் பாடிடலாம் சாமி. அப்புறம் விடியற வரைக்கும் சனம் என்ன பண்ணும்?"

மும்முறை சொல்வதைப் பற்றிய என் குறையையும் கேட்டேன். அவர் விடை கூறவில்லை. பின்னால் போய் உட்கார்ந்து பாருங்கள் என்று மாத்திரம் சொன்னார். போனேன். கடைசி வரிசைக்கு விருத்தத்தின் சொற்கள் எட்டவில்லை. ராகம் மட்டும் வந்து, ஏதோ துக்கம் நேரப்போகிறது என்று அறிவித்தது. தரு தொடங்கியபோது பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வோர் அடியையும் வாங்கித் திருப்பிப் பாடியதால் பாதி விளங்கிற்று. வசனம் வந்தபோது எல்லாம் விளங்கிற்று. அருகில் உறங்கிக்கொண்டிருந்த கிழவர் ஒருவரும் சரியாக அந்த வேளையில்தான் கண் விழித்தார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் நூற்றுக்கணக்கானோர்க்கு நடுவே, அழும் குழந்தைகளுக்கும் குரைக்கும் நாய்களுக்கும் மேலாகக் கதையைக் கொண்டுசெல்ல வேண்டிய ஒருவன், வேறு எப்படிச் சொல்லியிருப்பான்? புலவன் கைச்சரக்கு வற்றியதால் நேர்ந்த கூறியது கூறல் என்று நான் நினைத்தது, தூரத்தையும் தூக்கத்தையும் கணக்கிட்டுச் செய்த ஏற்பாடாக இருந்தது.

பொன்னுருவியை எடுத்துக்கொள்வோம். கர்ணனின் மனைவியாகிய இவளை வியாசரிடம் தேடினால் கிடைக்கமாட்டாள், வில்லியிடமும் கிடைக்கமாட்டாள், கூத்துக்கென்றே பிறந்தவள் என்று சொல்லலாம். குலம் தெரியாதவன் என்று கணவனை இகழ்ந்துவந்த அவளிடம், பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் விடைபெற வருகிறான் கர்ணன். முகம் கொடுக்க மறுக்கிறாள், தர்க்கம் வளர்கிறது, குந்தியின் மகன் அவன் என்ற ரகசியம் வெளிப்பட்டபின் மனம் உடைகிறாள். புத்தகத்தில் இது கணவன் மனைவி வாக்குவாதமாக, சற்றே நீளமாகத் தோன்றும். களத்தில், பெண்வேஷம் கட்டிய அந்த நடிகர், ஏசும்போது கர்ணனை ஒருமுறையேனும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. உண்மை அறிந்தபின் அவன்மேல் வைத்த பார்வையை, அவன் களம் நீங்கும் வரை எடுக்கவுமில்லை. இந்தக் குறிப்பை எந்த அச்சுக்கோப்பாளர் எழுத்துக் கோத்திருக்கிறார்?

பார்ப்பவர் யார் என்பதும் நாடகத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. வடதமிழகத்தில் இறந்தவர் வீட்டுக் காரியத்தின் இரவில் கர்ண மோட்சத்தை ஆடவைக்கும் வழக்கம் உண்டு. அங்கே கர்ணன் மண்ணில் சாயும்போது அழுகிறவர்கள், கர்ணனுக்காக மாத்திரம் அழுவதில்லை. துகிலுரியும் இரவிலோ, துச்சாதன வேஷக்காரர் சேலையைத் தொடுமுன் ஆட்டம் நின்று, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் பிழை பொறுக்க வேண்டிய பின்னரே மேலே நடக்கும். பாரதியின் பாஞ்சாலி சபதத்தை நாம் வாசிக்கும்போது உள்ளம் கொதிப்பது மெய்யே. ஆயினும் பக்கத்தைப் புரட்டுமுன் எவரும் கற்பூரம் ஏற்றுவதில்லை.

மேல்நாட்டு அறிஞர் சிலர் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கின்றனர். துன்பியல் நாடகத்தின் ஆற்றல் நடிப்பின்றி வாசிப்பிலேயே வெளிப்படும் என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. காட்சி ஜோடனையைக் கலையின் அங்கங்களுள் கடைசிப் படியில் அவர் நிறுத்தினார். ஷேக்ஸ்பியர் கதைகளை நம் பள்ளிப்பிள்ளைகளுக்கும் அறிமுகப்படுத்திய சார்லஸ் லாம், 1811-இல் எழுதிய ஒரு கட்டுரையில், லியர் மன்னனை மேடையில் நடிக்கவே முடியாது, படிக்கும்போது மட்டுமே அவனுடைய மனத்தின் பரப்பு விளங்கும் என்று வாதாடினார். தமிழிலும் சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயம், பெரும்பாலும் படித்துச் சுவைக்கும் நாடகமாகவே வாழ்ந்துவருகிறது. விசித்திரமாக, அதே 1891-இல்தான் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். தமிழ் நாடகங்களை வெறுத்திருந்த அவரை அப்பக்கம் திருப்பியதும் புத்தகமன்று, பல்லாரியிலிருந்து வந்த தெலுங்குக் குழுவினரின் ஆட்டமே.

பாசனின் கதை இன்னும் ருசிகரமானது. காளிதாசனே மதித்துப் பெயர் சொன்ன அந்த நாடகாசிரியனின் நூல்கள் அழிந்துபோயின என்றே பண்டிதர்கள் எண்ணியிருந்தனர். 1912 முதல் கணபதி சாஸ்திரியார் திருவனந்தபுரத்தில் பதின்மூன்று நாடகங்களைப் பதிப்பித்து, இவை பாசனுடையவை என்றபோது வடமொழி உலகம் வியப்பில் ஆழ்ந்தது. பாசனுடையவைதாமா என்ற விவாதம் பின்னும் ஓயவில்லை. ஆனால் அவற்றுட் சிலவற்றின் அங்கங்களைக் கேரளத்துச் சாக்கியார்கள் கோயில் கூத்தம்பலங்களில் கூடியாட்டமாகப் பல நூற்றாண்டுகள் ஆடியே வந்திருந்தனர்! அப்பதின்மூன்றில் கர்ணனைப் பற்றிய கர்ணபாரம் ஒன்று. தொடை முறிந்த துரியோதனனைப் பற்றிய ஊருபங்கம் ஒன்று. அரைமணியில் வாசித்துவிடக்கூடிய இவ்விரண்டு ஓரங்க நாடகங்களின் விஷயமே, நம் கிராமத்தில் ஓர் இரவாகவும் ஒரு காலைப் படுகளமாகவும் விரிகிறது.

இவ்வளவு சொன்னபின் வாசிப்பைத் தாழ்த்துகிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். நடுநிசிக்குப் பின் மூன்று மணியளவில் நான் நன்றாக உறங்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சல்லியன் தேரோட்ட வந்ததும் அவன் கர்ணனை ஏளனம் செய்ததும் எனக்குக் கிட்டவில்லை. புத்தகம் நமக்காகக் காத்திருக்கும், கூத்து காத்திருப்பதில்லை. மற்றொன்றும் உண்டு. சபையில் திரௌபதிக்காக, கௌரவர் நூற்றுவருள் ஒருவனான விகர்ணன் தனியே எழுந்து நியாயம் பேசுகிறான். துகிலுரியும் கூத்தை இருமுறை பார்த்திருக்கிறேன். இருமுறையும் துச்சாதனனின் ஆர்ப்பாட்டத்தில் விகர்ணன் அடிபட்டுப் போனான். வில்லியின் செய்யுளில் அவனை நான் நிறுத்திவைத்துக்கொள்ள முடிகிறது; அவன் சொன்னதை மறுபடி சொல்லவைக்க முடிகிறது. மெல்லப் பேசும் பாத்திரங்களுக்கு மத்தளம் நண்பனன்று. பிற்பகலில் பிரசங்கியார் ஒரு பாட்டுக்கு ஒரு நாழிகை செலவிடுவதும் இக்குறையை ஈடுசெய்யத்தான் போலும்.

ஏடு மட்டும் இருந்து அரங்கு இல்லாமற் போனதற்கும், அரங்கு இருந்து ஏடு இல்லாமற் போனதற்கும் இம்மண்ணிலேயே நினைவு உண்டு. தருமபுரி என்பது பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் பெருஞ்சேரல் இரும்பொறைக்கும் நடந்த போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூலை, பெருந்தேவனார் பாரதத்தோடு ஒருசேரப் பேராசிரியர் தம் உரையில் எடுத்துக்காட்டுகிறார். உரையும் பாட்டும் கலந்த அமைப்பினது என்பதால், நம் கூத்துப் புத்தகத்தின் வசனமும் தருவும் எனக்கு நினைவு வருவதைத் தடுக்க இயலவில்லை. இன்று அதில் எஞ்சியவை புறத்திரட்டு முதலியவற்றில் சிதறிக் கிடக்கும் சில பாடல்களே. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் குறிப்பிடும் நாடக இலக்கண நூல்களோ பெயரளவில் நிற்கின்றன. அவை இலக்கணம் வகுத்த நாடகங்களுக்குப் பெயர்கூட இல்லை. அதியமானின் போரைத் தகடூரில் இன்று ஆடுவார் எவருமில்லை. குருச்சேத்திரப் போரோ ஆண்டுதோறும் நடக்கிறது.

கிழக்கு வெளுக்கும் வேளையில் கர்ணன் வீழ்ந்தான். முகவீணை ஓய்ந்தது. பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஜனங்கள் எழுந்தனர். கர்ணனே அரிதாரம் கலையாமல் ஒரு திண்ணையில் உட்கார்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தான். எனக்கு அருகில் இரவெல்லாம் அமர்ந்திருந்த மூதாட்டி, என் கையிலிருந்த புத்தகத்தைக் கண்டாள்.

"இது கர்ணன் பொஸ்தகமா சாமி? பொன்னுருவி அழுவறது இதுல இருக்குதா?"

இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். எழுத்து அறியாதவள், படித்துச் சொல்லும்படி கேட்டாள். தருவின் முதலடியைப் பதம் பிரித்து, நிறுத்தி, பொருள் விளங்க வாசித்தேன். அவள் தலையை அசைத்து மறுத்தாள்.

"அப்பிடி இல்ல சாமி, இழுத்துப் பாடணும்" என்று சொல்லிவிட்டு, சுருட்டிய பாயை மீண்டும் கீழே வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் அவளே பாடத் தொடங்கினாள்.