இலைவெட்டித் தேனீக்களும் கொத்தன் தேனீக்களும்

துவரை, ரோசா முதலிய செடிகளின் இலையோரங்களில், கத்தரிக்கோலால் நறுக்கியதுபோன்று வட்டத் துண்டுகள் நீக்கப்பட்டிருப்பதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். இதனைப் புழுவின் அழிவெனக் கருதி உடனே பூச்சிகொல்லி தெளிப்போரும் உளர். அவ்வாறே பூட்டுத் துவாரத்திலோ யன்னற் சட்டத்திலோ மண்ணடைப்பைக் கண்டால், குளவிக்கூடு எனச் சுரண்டி எறிவது வழக்கம். இலையை நறுக்குவது ஒரு தேனீ; துளையை மண்ணால் அடைப்பதும் பல வேளைகளில் அதன் உறவினமான வேறொரு தேனீயே. இவை பயிருக்குப் பகையல்ல. பகையெனக் கொன்றால் நட்டம் நமக்கே. ஆகையால் இவற்றை இனங்கண்டு கொள்ளுதல் அவசியமாகும்.

வகைப்பாடு

உலகில் 20,000க்கு மேற்பட்ட தேனீ இனங்கள் ஏழு குடும்பங்களாக வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று மெகாகைலிடே குடும்பம். இதில் 4,000க்கு மேற்பட்ட இனங்கள் அடங்கும். மகரந்தத்தைக் காலிற் சுமக்காது, வயிற்றின் அடிப்புறத்திலுள்ள அடர்ந்த மயிரிற் சுமப்பதே இக்குடும்பத்துப் பெண் தேனீயின் அடையாளமாகும். பூவிலிருந்து எழும்பும் தேனீயின் வயிறு அடியில் மஞ்சளாகத் தோன்றினால் அது இக்குடும்பத்தது எனலாம்.

இக்குடும்பத்தின் முக்கிய சாதிகள் பின்வருவன:

1. மெகாகைலி: லத்திரெய் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1802ஆம் ஆண்டில் இப்பெயரை இட்டார். பெரிய உதடுடையது என்பது பொருள். இலைவெட்டித் தேனீக்கள் இச்சாதியைச் சேர்ந்தவை.

2. ஒஸ்மியா: வட அரைக்கோளத்தின் குளிர்ந்த நாடுகளிற் பெரிதும் காணப்படும் கொத்தன் தேனீக்கள்.

3. லிதர்கஸ்: உக்கிய மரத்தைத் தானே துளைத்துக் கூடமைப்பது.

4. சீலியொக்சிஸ்: கூர்மையான வாற்பகுதி உடையது. தானாகக் கூடு கட்டாது, மெகாகைலியின் கூட்டில் முட்டையிடும். இதன் குடம்பி அங்குள்ள முட்டையையோ குடம்பியையோ கொன்று, சேமித்த உணவை உண்டு வளரும்.

இங்கு ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். கட்டும் பொருளை மாத்திரம் கொண்டு சாதியைத் தீர்மானித்தல் இயலாது. நம் நாட்டுச் சுவர்த் துளைகளில் மண்ணாற் கூடு கட்டும் மெகாகைலி லனாட்டா, தொழிலாற் கொத்தனாயினும் சாதியால் இலைவெட்டியின் உடன்பிறப்பே. ஒஸ்மியாவின் கால் நகங்களுக்கிடையே சிறு மெத்தை உண்டு. மெகாகைலியில் அது இல்லை. உடலமைப்பே வகைப்பாட்டுக்கு அடிப்படையாகும்.

கூடும் வாழ்க்கையும்

இவற்றில் இராணியும் வேலைக்காரரும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தனித்துத் தன் கூட்டை அமைக்கிறது. இலைவெட்டி, நீள்வட்டத் துண்டுகளால் அறையின் சுவரை அமைத்து, மகரந்தமும் தேனும் கலந்த உணவை உள்ளே வைத்து, ஒரு முட்டையிட்டு, வட்டத் துண்டுகளால் மூடும். இவ்வாறு அறைகள் வரிசையாக அமையும். இலை உணவன்று, வீட்டுச் சுவர் மாத்திரமே. புழு தின்ற இலையில் ஓரம் ஒழுங்கற்றும், அருகில் எச்சமும் காணப்படும். தேனீ வெட்டிய இலையில் ஓரம் நேர்த்தியாக இருக்கும், எச்சம் இராது. குளவியின் மண்கூட்டைத் திறந்தால் உணர்விழந்த புழுவோ சிலந்தியோ இருக்கும். தேனீயின் கூட்டில் மகரந்தக் களியே இருக்கும்.

பயன்

துவரை, சணல் ஆகியவற்றின் பூவில், தேனீ அமர்ந்து கீழிதழை அழுத்தும்போது மகரந்தமும் சூல்முடியும் வெளிப்பட்டு அதன் வயிற்றில் உராய்கின்றன. மகரந்தம் உலர்ந்த நிலையில் வயிற்று மயிரிற் கிடப்பதால், அடுத்த பூவிலே எளிதிற் படிகிறது. துவரையில் தன்மகரந்தச் சேர்க்கையும் நிகழும். சணலோ, பெரிய தேனீக்களின் உதவியின்றி நன்கு விதை கட்டுவதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் லூசேண் விதைக்காக மெகாகைலி ரொட்டண்டேற்றா என்னும் இலைவெட்டியையும், யப்பானில் அப்பிள் தோட்டங்களுக்காக ஒஸ்மியாவையும் வளர்த்துப் பயன்படுத்துகின்றனர்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. இலையில் வட்ட வெட்டுக்களை மாத்திரம் கண்டு மருந்து தெளிக்க வேண்டாம். சில இலைகளின் ஓரம் குறைவதால் விளைச்சல் குறையாது.

2. வேறு பீடைக்கு மருந்து தெளிக்க நேரிடின், பூக்குங் காலத்தைத் தவிர்க்கவும். இயலாவிடில், தேனீக்கள் பறவாத அந்தி வேளையில் தெளிக்கவும்.

3. பென்சில் பருமனுள்ள துளைகொண்ட மூங்கில் அல்லது நாணற் துண்டுகளை, ஒரு முனை கணுவால் அடைபட்டிருக்குமாறு ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கட்டாகக் கட்டி, மழை படாத இறவாரத்தின் கீழ்த் தொங்கவிடவும். எறும்பு ஏறாது பார்த்துக்கொள்ளவும்.

4. அடைபட்ட துளைகளைக் கிளற வேண்டாம். இத்தேனீக்கள் கூட்டமாகத் தாக்குவதில்லை. கையிற் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டுவது அரிது.

மேலும் விபரங்கட்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகவும்.